பைன் மொட்டில் மறையும் பூச்சி: ஸ்கொட்லாந்துக் காடுகள் சொல்லும் பாடம்

ஐரோப்பாவின் பைன் காடுகளில் 'பைன் பியூட்டி' என்ற அந்துப்பூச்சி வாழ்கிறது. அதன் விஞ்ஞானப் பெயர் பனோலிஸ் ஃபிளாமியா. சிறகை விரித்தால் 3 முதல் 4 சென்ரிமீற்றர் வரை இருக்கும். செம்மஞ்சளும் கபிலமும் கலந்த முன்சிறகில் வெளிறிய புள்ளிகள் உண்டு. இளவேனிலில் பைன் கிளை நுனியில் இருக்கும் மொட்டுகளும் ஏறக்குறைய இதே நிறம்தான். அங்கே அமர்ந்துவிட்டால் மொட்டு எது, பூச்சி எது என்று பறவைகளுக்கும் எளிதில் தெரியாது.

புழுவும் அப்படித்தான். பச்சை உடலில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் இருப்பதால் ஊசியிலைகளுக்குள் கலந்துவிடும். முதலில் இளம் இலைகளையும் வளர்ந்தபின் முதிர்ந்த இலைகளையும் தின்னும். பிறகு நிலத்துக்கு இறங்கி, சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைக் கழிக்கும்.

இதைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஸ்கொட்லாந்தில் நடந்த சம்பவம். அங்கே இயற்கையாக வளரும் ஸ்கொட்ஸ் பைன் மரங்களில் இந்தப் பூச்சி நெடுங்காலமாகப் பெரும் சேதமின்றி வாழ்ந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் லொட்ஜ்போல் பைன், வடக்கின் கரிச்சேற்று நிலங்களில் பெருமளவில் நடப்பட்டது. 1976 இல் சதர்லண்ட் பகுதியில் புழுக்கள் திடீரெனப் பெருகின. இலையிழந்த மரங்கள் பட்டுப்போயின. 1978 இல் ஆகாயத்திலிருந்து பெனித்ரோத்தியன் பூச்சிநாசினி தெளிக்கப்பட்டது.

நலிந்த மரங்களே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. பின்னைய ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. புழுக்களைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவி போன்ற இயற்கை எதிரிகளின் தாக்கம், ஸ்கொட்ஸ் பைனைவிட லொட்ஜ்போல் தோட்டங்களில் குறைவாக இருந்தது. சொந்த மரமே என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை: 1922 முதல் 1924 வரை ஜேர்மனியில் ஒரே இனமாக நடப்பட்டிருந்த ஸ்கொட்ஸ் பைன் காடுகளை இதே பூச்சி அழித்தது.

நமது மலையகத்துப் பைனஸ் தோட்டங்களில் இந்தப் பூச்சி இல்லை. ஆனால் அவையும் வெளியிலிருந்து வந்து, ஒரே இனமாக நடப்பட்டவை. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பைனஸ் நிழலில் உள்நாட்டு மரங்களை வளர்க்கும் பரிசோதனை 1990களிலேயே தொடங்கியது. மரங்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும் ஒவ்வொரு மரநடுகைத் திட்டத்திடமும், எத்தனை இனங்கள் என்றும் நாம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.