இரண்டு மேட் டில்லன்கள்

அமெரிக்க மேற்கு நமக்குக் காட்சிகளாகவே அறிமுகமான ஒன்று. முடிவற்ற புல்வெளி, தனித்த குதிரை, தொப்பியின் நிழலில் பாதி மறைந்த முகம். ஆனால் அவ்வகைக் கதைகளுள் மிக முதிர்ந்ததென நான் கருதும் ஒன்று கண்ணுக்காக அன்றி, காதுக்காகவே முதலில் உருவாக்கப்பட்டது. 'கன்ஸ்மோக்' என்னும் அத்தொடர் 1952 ஏப்ரல் 26 அன்று சிபிஎஸ் வானொலியில் தொடங்கியது.

அதற்கு முன்னரும் வானொலியில் கௌபாய்கள் இருந்தார்கள். 1933இல் டெட்ராய்ட் நகர வானொலி நிலையமொன்றில் தொடங்கிய 'லோன் ரேஞ்சர்' அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அது சிறுவர்களின் உலகம். அதில் நன்மை ஒருபோதும் தோற்பதில்லை. தயாரிப்பாளர் நார்மன் மக்டொனலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் பெரியவர்களுக்கான மேற்கை உருவாக்க விழைந்தார்கள். 1870களின் கான்சாஸ், டாட்ஜ் சிட்டி என்னும் கால்நடைச் சந்தை நகரம், அங்கே சட்டத்தைக் காக்கும் மார்ஷல் மேட் டில்லன். மெஸ்டனின் கதைகளில் மார்ஷல் பல சமயம் தாமதமாகவே வந்து சேர்கிறார். குற்றவாளி பிடிபட்டாலும் எவருக்கும் நிறைவில்லை. எஞ்சுவது ஒரு பிணமும் சில மனிதர்களின் வெறுமையும் மட்டுமே.

டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். ஆழமான, சற்றே களைத்த குரல். கதையின் இடையிடையே டில்லனே தன் நினைவாகச் சொல்லிச் செல்வார். ஒரு மனிதனைக் கொன்றபின் அவருக்குள் எழும் அருவருப்பையும் ஐயத்தையும் நேயர் நேரடியாகவே கேட்டார். மரப்பலகை நடைபாதையில் காலடி, குதிமுள்ளின் கிணுகிணுப்பு, தொலைவில் ஒரு நாயின் குரைப்பு. இவற்றுக்கிடையே வானொலி வழக்கமாக அஞ்சும் நீண்ட மௌனங்கள்.

நடிகர்கள் வெறுமனே எழுதித் தந்ததை வாசித்தவர்கள் அல்லர். உதவியாளர் செஸ்டராக நடித்த பார்லி பேர் ஒத்திகையின்போது தன்னிச்சையாகச் சொன்ன 'வெஸ்லி ப்ரவுட்ஃபுட்' என்பதே அப்பாத்திரத்தின் முழுப்பெயராயிற்று. ஹோவர்ட் மக்நியர் நடித்த மருத்துவருக்குச் சார்லஸ் ஆடம்ஸ் என்று பெயரிட்டவர் கான்ராட். கேலிச்சித்திரக்காரர் சார்லஸ் ஆடம்ஸை மனத்தில் கொண்டு வைத்த பெயர் அது. கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ். இந்நால்வரின் குரல்களும் சேர்ந்ததே டாட்ஜ் சிட்டி.

1955 செப்டம்பர் 10 அன்று தொடர் தொலைக்காட்சிக்குச் சென்றது. நால்வரில் ஒருவர்கூட உடன் செல்லவில்லை. கான்ராட் பருத்த உடலினர், உயரம் குறைந்தவர். புதிய டில்லனான ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குலம். செஸ்டர் ப்ரவுட்ஃபுட் இப்போது செஸ்டர் குட் ஆனார். சார்லஸ் ஆடம்ஸ் கேலன் ஆடம்ஸ் ஆனார். நடிகர்கள் ஈந்த பெயர்கள்கூட எஞ்சவில்லை. புதிய செஸ்டரான டென்னிஸ் வீவர் ஒரு காலை விறைப்பாக இழுத்து நடந்தார். கண்ணுக்கான அடையாளம் அது. குரலால் நொண்ட முடியாது. வானொலியில் குறிப்பாக மட்டும் உணர்த்தப்பட்ட கிட்டியின் தொழில் மெல்ல மறைந்து, அவள் மதுக்கூடத்தின் உரிமையாளர் ஆனாள்.

இதில் வியப்புக்குரிய ஒன்றுண்டு. வானொலித் தொடர் நின்றுவிடவில்லை. 1961 ஜூன் வரை அது ஒலித்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அமெரிக்காவில் இரண்டு மேட் டில்லன்கள் இருந்தார்கள். தன்னுடையதென்று நினைத்த பாத்திரத்தை வேறொருவர் உடலாகச் சுமப்பதை அறிந்தபடியே கான்ராட் வாரந்தோறும் ஒலிவாங்கியின் முன் நின்றார். அக்குரலில் கசப்பேதும் தெரிவதில்லை. அதை ஒரு கலைஞனின் நேர்மை என்றே சொல்வேன்.

அந்த முடிவு பிழையா? எளிதில் சொல்லிவிட முடியாது. ஆர்னஸ் கண்ணியமான நடிகர். தொலைக்காட்சித் தொடர் 1975 வரை இருபது பருவங்கள், 635 நிகழ்ச்சிகள் ஓடியது. தொடக்க ஆண்டுகளில் டில்லன் இடுகாட்டு மேட்டில் நின்று தனக்குள் பேசும் முன்னுரைகளும் இருந்தன. எனினும் இழப்பு ஒன்று நிகழ்ந்தது. தெருவின் நடுவே ஓங்கி நிற்கும் மனிதனைப் பார்த்ததுமே அவன் வெல்வான் என்று நாம் நம்பிவிடுகிறோம். குரலுக்கு அந்த உறுதி இல்லை, குரல் தயங்கும். வானொலியின் டில்லன் ஐயத்தால் ஆனவர். தொலைக்காட்சியின் டில்லனை அவரது உயரமே நிரூபித்துவிட்டது.

காலத்துக்கும் ஒரு நகைச்சுவை உணர்வு உண்டு போலும். 1971இல் அதே சிபிஎஸ் 'கேனன்' என்னும் துப்பறியும் தொடரைத் தொடங்கியது. நாயகன் பருத்த உடல்கொண்ட தனியார் துப்பறிவாளர். நடித்தவர் வில்லியம் கான்ராட். 1976 வரை ஓடிய அத்தொடரில் அந்த உடலே பாத்திரத்தின் அடையாளமாயிற்று. முதல் நான்கு ஆண்டுகள், ஆர்னஸின் டில்லனும் அதே அலைவரிசையில் குதிரையேறிக்கொண்டிருந்தார்.

கான்ராட் 1994இல் மறைந்தார், ஆர்னஸ் 2011இல். வானொலிப் பதிவுகளில் பெரும்பாலானவை இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பலகையில் காலடிகள் நெருங்கும். வருபவரின் உயரம் என்னவென்று உங்களுக்குக் கேட்கத் தோன்றாது.