மின்விசைச் சாலை மிதிவண்டிச் சட்டகம்: கார்பனும் அலாயும்

மின்விசைச் சாலை மிதிவண்டி என்பது மெல்லிய சக்கரங்கள் கொண்ட பந்தய வகைச் சைக்கிளில், மிதிக்கும்போது மட்டும் துணைசெய்யும் மோட்டாரும் மின்கலமும் பொருத்தப்பட்ட வண்டி. இதன் சட்டகம் (ஃபிரேம்) பெரும்பாலும் கார்பன் இழையாலோ, கடைகளில் ‘அலாய்’ எனப்படும் அலுமினியக் கலப்புலோகத்தாலோ ஆனது. ஸ்பெயினின் ஓர்பியா நிறுவனம் தன் ‘கெய்ன்’ வண்டியை இரண்டிலும் விற்றது. மலேசியாவின் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தேர்வைத் தீர்மானிப்பவை எடையைவிட மழை, உப்புக்காற்று, பராமரிப்பு ஆகியவையே.

எடை

கார்பன் சட்டகம் ஏறத்தாழ 1 கிலோ. அலாய் ஏறத்தாழ 1.5 கிலோ. இலகுவான மோட்டாரும் மின்கலமுமே சுமார் 3.5 கிலோ கூட்டிவிடுகின்றன. கோலாலம்பூர் சைக்கிளோட்டிகள் நாடும் கெந்திங் செம்பா போன்ற மலைச்சாலையில் 500 மீட்டர் உயரம் ஏறினாலும், அந்த அரை கிலோவைத் தூக்க 1 வாட்-மணிக்கும் குறைந்த ஆற்றலே தேவை. இத்தகைய இலகு வண்டிகளின் மின்கலமோ சுமார் 250 வாட்-மணி கொண்டது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 15194-இன்படி மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் உதவி நின்றுவிடும். அதற்குமேல் சமதளத்தில் எதிர்த்து நிற்பது பெரும்பாலும் காற்றே, எடையன்று.

அதிர்வு

கார்பன் இழைகளை அடுக்கும் திசையை மாற்றி, மிதிக்கட்டை அச்சருகே விறைப்பும் இருக்கைப் பக்கம் நெகிழ்வும் தரலாம். அலாயில் இதற்கு இடம் குறைவு. 32 மில்லிமீட்டர் டயரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டினால் அக்குறை பெரிதும் தீரும்.

அரிப்பு

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக்காற்றும் உண்டு. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தை உப்பு துளைக்கும். கார்பன் துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தொடும் அலுமினிய உறுப்புகள் வியர்வையும் ஈரமும் பட்டால் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகும். இருக்கைத் தண்டு சட்டகத்தோடு இறுகிப்போவது இதனால்தான். தண்டை அவ்வப்போது கழற்றித் துடைத்து, இறுகாமல் காக்கும் பொருத்துப் பசை (அசெம்பிளி பேஸ்ட்) பூச வேண்டும்.

சேதம்

அலுமினியத்துக்குக் களைப்பு வரம்பு இல்லை; அதாவது, சிறு அழுத்தமும் திரும்பத் திரும்பப் பட்டால் அதைத் தளர்த்தும். நாளடைவில் பற்றவைப்பு ஓரங்களில் விரிசல் விடலாம். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். மீண்டும் பற்றவைத்தால் வெப்பப் பதப்படுத்தலின் வலிமை போய்விடும். சட்டகத்தை மாற்றுவதே வழக்கம். கார்பனில் அடிபட்டால் வெளியே தெரியாமலே உள்ளடுக்குகள் பிரியலாம். விழுந்த வண்டியை மீயொலிச் சோதனைக்குக் கொடுப்பது நல்லது. பிரிந்த பகுதியைத் தேய்த்தெடுத்து, புதிய இழையும் பிசினும் இட்டுச் சீர்செய்ய முடியும்.

தேர்வு

மிட் வேலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக மெர்டேக்கா சதுக்கம் செல்லும், 2015இல் திறக்கப்பட்ட மிதிவண்டித் தடம் போன்ற நகர்ப்பாதையில் நாள்தோறும் ஓட்டி, வெளியில் பூட்டி வைப்பவருக்கு அலாய் பொருந்தும். வார இறுதியில் நெடுந்தூரம் ஓட்டி, வண்டியை வீட்டுக்குள் வைத்துப் பேணுபவருக்குக் கார்பன் தரும் சொகுசு பயன்படும். பணம் அளவாக இருந்தால் அலாய் சட்டகமும் நல்ல டயரும் மழைக்கேற்ற டிஸ்க் பிரேக்குமே மேலான தேர்வு.