கதையைச் சொல், கதையைக் கேள்

நையோபி கிரேக்கப் புராணத்தில் வரும் ஓர் அரசி. தனக்குப் பிள்ளைகள் பலர் என்ற செருக்கில், இரண்டே பிள்ளைகளைப் பெற்ற லேட்டோ என்னும் தெய்வத்தை அவள் இகழ்ந்தாள். லேட்டோவின் மக்களான அப்போலோவும் ஆர்ட்டிமிசும் சினங்கொண்டு நையோபியின் பிள்ளைகளை அம்பெய்து கொன்றனர்.

மாணவ நண்பர்களே, இக்கதையைச் சொன்னபின் ஆசிரியர் என்ன கேட்பார்? "நையோபி ஏன் தண்டிக்கப்பட்டாள்?" என்று கேட்கலாம். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கமொழிப் பள்ளிகளில் கேட்ட கேள்வி வேறு: "இறந்த பிள்ளைகளின் நடுவே நின்று நையோபி என்ன பேசியிருப்பாள்? எழுதுக."

இப்பயிற்சி கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் என்ற ஆசிரியர் எழுதிய நூலில் உள்ளது. அவர் அந்தியோக்கியா நகரைச் சேர்ந்தவர். அவ்வூர் இன்று துருக்கி நாட்டில் இருக்கிறது. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் 14 எழுத்துப் பயிற்சிகளை, மாதிரிக் கட்டுரைகளுடன் அவர் தொகுத்தார். நையோபியின் பேச்சை முதலில் இன்றைய துயரம், பிறகு நேற்றைய வாழ்வு, இறுதியில் நாளைய நிலை என்று மூன்று காலங்களாகப் பிரித்து எழுத வேண்டும்.

அக்காலப் பிள்ளைகள் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதினர்; பாப்பிரஸ் தாளையும் பானை ஓட்டையும்கூடப் பயன்படுத்தினர். எகிப்தின் வறண்ட மணல் இத்தகைய பள்ளி எழுத்துகள் பலவற்றை நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. ஆனால் இக்கல்வி பெரும்பாலும் வசதியுள்ள வீட்டு ஆண்பிள்ளைகளுக்கே கிட்டியது என்பதையும் மறக்கலாகாது.

கதாபாத்திரத்தின் மனத்தை உணர்வது மட்டும் போதுமா? போதாது என்றனர் அந்த ஆசிரியர்கள். அதே நூலில் டாஃப்னியின் கதையும் வருகிறது. நிலமகளுக்கும் லேடன் என்ற ஆற்றுக்கும் பிறந்தவள் டாஃப்னி. அப்போலோ துரத்தியபோது லாரல் மரமாக மாறினாள் என்பது கதை. இதை மறுத்து எழுதுவது ஒரு பயிற்சி. "ஆற்றில் வளர்ந்திருந்தால் குழந்தை மூழ்கியிராதா? மண்ணுக்கடியில் வளர்ந்திருந்தால் அப்போலோ அவளை எப்படிக் கண்டான்?" என்று மாதிரிக் கட்டுரை வினவுகிறது. அடுத்த பயிற்சி இதற்கு நேர்மாறானது: அதே கதையை நம்பத்தக்கது என்று வாதிட வேண்டும்! ஒரே பொருளின் இரு பக்கங்களையும் ஆராயும் பழக்கம் இவ்வாறு வளர்ந்தது.

ஒரு கதையைக் கற்பிக்க அதை நம்பியாக வேண்டுமா? இக்கேள்வி அரசியலிலும் புயலைக் கிளப்பியது. பழைய தெய்வங்களை வணங்கிய ரோமப் பேரரசர் ஜூலியன், 362ஆம் ஆண்டில், ஹோமரின் தெய்வங்களை நம்பாத கிறிஸ்தவர்கள் ஹோமரைக் கற்பிக்கலாகாது என்று தடுத்தார். மறு ஆண்டே அவர் போரில் மாண்டார், தடையும் நிலைக்கவில்லை. அத்தெய்வங்களை நம்பாத ஆசிரியர்களே பிற்காலத்தில் இக்கதைகளைத் தொடர்ந்து கற்பித்தனர். அஃப்தோனியஸின் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பள்ளிகளிலும் வழங்கியது. வழிபாடு மறைந்த பின்னும் கதைகள் வாழ்ந்தமைக்கு இப்பயிற்சிகளும் ஒரு காரணம்.

நீங்களும் முயன்று பாருங்களேன்! மெழுகால் ஒட்டிய இறகுகளுடன் இக்காரஸ் பறந்தான். சூரியனை நெருங்கியதால் மெழுகு உருகிக் கடலில் விழுந்தான். மகனை இழந்த டெடாலஸ் என்ன பேசியிருப்பான் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் கதையைக் கேள்வி கேளுங்கள். தரைக்கு அருகிலுள்ள வளிமண்டலத்தில், ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. அப்படியானால் மெழுகு உருகுமா, இறுகுமா?

முதற்பக்கம் எழுதும்போது உங்கள் கண் கலங்கலாம். இரண்டாம் பக்கம் எழுதும்போது அறிவு விழிக்கும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை.