ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி லாரிகளில் சக்கர அலைன்மென்ட்

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி லாரி நேராக ஓட வேண்டும். திருப்பினால் இரு பக்கமும் ஒரே அளவு திரும்ப வேண்டும். குதித்து இறங்கினால் பழைய உயரத்துக்கே வந்து நிற்க வேண்டும். இதற்காகச் சக்கரங்களின் கோணத்தையும் சஸ்பென்ஷனையும் சரிபார்த்துத் திருத்துவதே அலைன்மென்ட். லாரி ஒரு பக்கம் இழுத்தவுடன் பலரும் ஸ்பேனரை எடுத்துக் கோணத்தைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். கோணம் தானாக மாறுவது அரிது. ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கும், தேய்ந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். அதைத் தேடாமல் திருகினால் பழைய குறை அப்படியே இருக்கும், புதிதாக ஒன்றும் சேரும்.

எல்லா லாரிக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத் தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் போன்ற மான்ஸ்டர் டிரக்குகளில் இரு சக்கரங்களையும் ஒரே திடமான அச்சு தாங்குகிறது. அமெரிக்காவின் டிராக்ஸஸ் 2008இல் கொண்டுவந்த ஸ்லாஷ் வகையில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்குகிறது. 1/14 அளவிலான டிரெய்லர் லாரிகளில், சாலை லாரியைப் போலவே பட்டை ஸ்பிரிங்.

சோதனையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். பினாங்கில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை வழவழப்பாக, லாரி உருட்டுவதற்கென்றே போட்டதுபோல் தோன்றும். ஆனால் மழைநீர் வடிவதற்காக அது சாக்கடைப் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். அங்கே உருட்டினால் குறையே இல்லாத லாரியும் சாக்கடையை நோக்கித்தான் போகும். ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. மோட்டாரை இயக்காமல் லாரியைக் கையால் தள்ளிவிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவும். பிறகு அதே பாதையில் எதிர்த்திசையில் தள்ளவும். இரண்டு முறையும் சாக்கடைப் பக்கமே போனால் குற்றம் தரையினுடையது. இரண்டு முறையும் லாரியின் இடப்பக்கமே போனால் குற்றம் லாரியினுடையது. தள்ளும்போது நேராகப் போய், மோட்டார் ஓடும்போது மட்டும் இழுத்தால் முன்சக்கரத்தை விட்டுவிட்டு டிஃபரன்ஷியலையும் பின் அச்சையும் பார்க்க வேண்டும்.

அடுத்து லாரியை மேசையில் ஒரு கட்டையின் மேல் தூக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்ற வேண்டும். மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிற்கும் சக்கரத்தில் பேரிங் போயிருக்கலாம், அல்லது நட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். பிறகு சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கவும். சிறு ஆட்டம் இயல்பு. கடகடவென்று ஆடினால் பந்துமூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எந்தக் கோணம் வைத்தாலும் அது ஓட்டத்தில் நிலைக்காது.

ஸ்டியரிங்கில் பல குறைகள் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவில்தான் இருக்கின்றன. ரிமோட்டில் டிரிம்மைப் பூச்சியத்தில் வைத்து, லாரிக்கு மின்சாரம் கொடுத்து, சர்வோவைத் தன் நடுநிலைக்கு வரவிட வேண்டும். அதன் பிறகே சர்வோவின் தண்டில் மாட்டும் கொம்பைப் பொருத்த வேண்டும். 25 பற்கள் கொண்ட சர்வோவில் ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 பாகை விலகிவிடும். அதை டிரிம்மால் ஈடுகட்டினால் லாரி நேராகப் போகும், ஆனால் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் வேறு வேறு இடத்தில் ‘நேர்’ வந்து நின்றால், சர்வோவைக் காக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கோணங்கள். மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களின் மூக்கும் உள்நோக்கி இருந்தால் டோ-இன், வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். ஸ்லாஷ் வகை லாரிகளில் முன்பக்கம் நேராகவோ ஒரு பாகை வெளிநோக்கியோ வைப்பது வழக்கம். பின்பக்கம் இரண்டு மூன்று பாகை உள்நோக்கி இருக்கும், வால் ஆடாமல் இருக்க அதுவே காரணம். 110 மி.மீ. விட்டமுள்ள டயரில் ஒரு பாகை என்பது, டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 2 மி.மீ. வித்தியாசம். சாதாரண ஸ்கேல் போதும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்வது நெகட்டிவ் கேம்பர். ஒன்றிரண்டு பாகைக்கு மேல் வேண்டாம். தரையில் மூலைமட்டத்தை நிறுத்தி டயரோடு ஒட்டிப் பார்த்தால் இரு பக்கமும் சமமா என்பது உடனே தெரியும். அளப்பதற்கு முன் லாரியை நாலைந்து முறை அழுத்தி விட்டு, ஓரடி முன்னே உருட்டுவது அவசியம். தூக்கி வைத்த லாரியின் சக்கரம் பொய்க்கோணம் காட்டும்.

வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். 1818இல் லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜார்ஜ்டவுன் திரிஷா வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. பயணி அமரும் முன்பகுதி முழுவதும் இரு சக்கரங்களோடு ஒரே உடலாகத் திரும்பிவிடுகிறது. லாரியில் இரு சக்கரங்களும் தனித்தனியாகத் திரும்புவதால், ஸ்டியரிங்கின் இடக்கம்பியும் வலக்கம்பியும் நீளத்தில் சற்று மாறினாலும் வளைவு கோணலாகிவிடும்.

சஸ்பென்ஷனைச் சோதிக்க ஒரு ஸ்குரூடிரைவர் முனை போதும். சேசிஸின் முன்பக்க நடுப்புள்ளியில் முனையை வைத்து மெல்லத் தூக்கினால், இரு முன்சக்கரங்களும் ஒரே கணத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால் பெரும்பாலும் பின் ஸ்பிரிங்குகளின் இறுக்கம் சமமாக இல்லை. முன்பக்கத்தை எழுப்பிய பின் வண்டியின் சாய்வைத் தீர்மானிப்பது பின்பக்கம்தான். எண்ணெய் கசிந்த ஷாக், வலப்பக்கம் தள்ளி வைத்த பேட்டரி, முறுக்கிய சேசிஸ் ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும்.

பட்டை ஸ்பிரிங் லாரிகளுக்கு உரிய நோய் நண்டு நடை. ஸ்டியரிங் நேராக இருந்தும் வண்டியின் உடல் ஒரு பக்கம் திரும்பியபடியே ஓடும். பின் அச்சு சேசிஸுக்குச் செங்குத்தாக நிற்கவில்லை என்பதே காரணம். இடப்பக்கம் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரையிலும், வலப்பக்கம் அதேபோலவும் அளந்து, வித்தியாசம் இருந்தால் அச்சைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்க வேண்டும். டிரெய்லர் மாட்டாமல் இதைப் பார்ப்பது நல்லது.

கிளாட் பஸ்டரின் குறை வேறு. சர்வோ சேசிஸில், அச்சோ கீழே ஏறி இறங்குகிறது. பள்ளத்தில் அச்சு அசையும்போது இரண்டையும் இணைக்கும் நீண்ட கம்பி சக்கரத்தைத் தானே திருப்பிவிடும். சேசிஸைக் கையால் அழுத்தி முன்னாலிருந்து பார்த்தாலே இது கண்ணுக்குத் தெரியும். எந்தக் கோணத் திருத்தமும் இதற்கு உதவாது. அனுபவமுள்ளவர்கள் சர்வோவையே அச்சின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா கடற்கரை மணலில் ஓடிய லாரியை அன்றே கழற்ற வேண்டும். உப்பு மணல் பந்துமூட்டுகளில் அரத்தைப் போல வேலை செய்யும், ஈரக்காற்று மீதியைத் துருவாக்கும். மின்பாகங்களைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, விசிறிக் காற்றில் உலர்த்தி, பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த ஓட்டத்துக்கு லாரி தயார்.