சாரதியின் காயமும் சிகிச்சையும்

தமிழ்நாட்டுச் சாலைகளின் இருமருங்கிலும் நிழலுக்காக வளர்க்கப்பட்ட புளியமரங்கள், மோட்டார் பஸ் வந்த பிற்பாடு, பாதையினின்று விலகிய வண்டிக்கு எமனாயும் நின்றன. மோதிய கணத்தில், பிரயாணிகளைக் காட்டிலும் முன்னே அமர்ந்திருக்கும் டிரைவரே, மார்பில் ஸ்டீயரிங் அழுந்தி விலாவெலும்பு நொறுங்கி, பெடல்களுக்கிடையே கால் சிக்கித் தொடையெலும்பு முறிந்து, தகரத்தை அறுத்து மீட்கும்வரை காத்துக் கிடக்க நேர்ந்தது.

ஆஸ்பத்திரி தொலைவாயிருந்த அந்நாளில், கிடைத்த வண்டியில் கிடத்தி எடுத்துச் செல்லப்பட்டவர் பலர். ஆந்திரத்திலுள்ள புத்தூருக்குச் சென்று, பச்சிலையும் முட்டை வெண்கருவும் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டவரும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் தொடைமுறிந்த சிப்பாய்கள் பலரின் பிராணனைக் காத்த தாமஸ் ஸ்பிளின்ட் என்னும் கால்சிம்பு, பிற்காலத்தில் இத்தகையோருக்கும் துணையாயிற்று.

சிகிச்சையோடு சட்டமும் டிரைவருக்குத் துணை வந்தது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையில் நேரும் அங்கஹீனத்துக்கு முதலாளியைப் பொறுப்பாளியாக்கியது. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உழைப்புக்கு வரம்பு கட்டியது. 1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டமோ, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்காமல், அதே சம்பளத்தில் மாற்றுவேலை தரவேண்டுமென்று விதித்தது. எலும்பு கூடியும் கிளட்சை மிதிக்கும் வலிமை திரும்பாத டிரைவருக்கு, ஜீவனமும் மரியாதையும் அளிப்பதே சிகிச்சையின் பூர்த்தியாகும். அத்தனை பிரயாணிகளின் உயிரையும் தன் கையில் சுமந்தவருக்குச் சமூகம் ஆற்றவேண்டிய தர்மமும் அதுவே.