சித்த சுவாதீனம்: குற்றவியல் மேல்முறையீட்டில் ஒரு சொல்லின் வரலாறு

1. முன்னுரை

மனநோய்க்கு ஆளான ஒருவர் பல குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்யும்போது, நீதிமன்றம் சான்றுகளோடு சொற்களையும் எடைபோட நேர்கிறது. சாட்சியம் பெரும்பாலும் வட்டார மொழியில் பதிவாகி, உயர்நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாசிக்கப்படுகிறது. இடையில் நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். அவர் கையாளும் கலைச்சொற்களின் வரலாற்றை அறியாவிடில் ஒரு மனிதரின் உயிரோ விடுதலையோ பாதிக்கப்படக்கூடும். அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சட்டச் சொல்லின் தோற்றம்

1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் அளித்த தண்டனைச் சட்ட வரைவில் பிறவி அறிவின்மை, பித்து, சன்னி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் தனித்தனியே இடம்பெற்றன. 1843இல் இங்கிலாந்தில் மக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். மனநிலையைக் காரணமாகக் கொண்டு அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இதனால் எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து, பிரபுக்கள் சபை கேட்ட வினாக்களுக்கு நீதிபதிகள் அளித்த விடைகளே மக்நாட்டன் விதிகள் எனப்பட்டன. அவை ‘மன நோயினால் விளைந்த பகுத்தறிவுக் குறை’ என்னும் கருத்தை முன்வைத்தன.

1860இல் நிறைவேறி 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் வரைவின் சொற்களையும் விட்டது. ‘நோய்’ என்னும் சொல்லையும் விட்டது. அதன் 84ஆம் பிரிவு ‘அன்சவுண்ட்னஸ் ஆஃப் மைண்ட்’ என்னும் தொடரை மேற்கொண்டது. அத்தொடருக்குச் சட்டத்தில் வரையறை இல்லை. செயலைச் செய்யும் வேளையில் அதன் இயல்பையோ, அது தவறானது அல்லது சட்டத்திற்கு முரணானது என்பதையோ அறிய இயலாதவராக இருந்தாரா என்பதே பிரிவின் உரைகல்.

3. தமிழ்ச் சொல் தரும் சிக்கல்

இத்தொடர் தமிழில் சித்த சுவாதீனமின்மை, புத்தி சுவாதீனமின்மை, மனநிலைப் பிறழ்வு எனப் பலவாறு வழங்கிவருகிறது. இவற்றுள் ‘சுவாதீனம்’ என்பது தன் வயத்ததாக இருத்தல் என்னும் பொருளுடைய வடசொல். ஆகவே சுவாதீனமின்மை என்பது கட்டுப்பாட்டை இழத்தலைச் சுட்டுகிறது. ஆனால் 84ஆம் பிரிவு வினவுவது அறியும் ஆற்றலையேயன்றி அடக்கும் ஆற்றலை அன்று. ‘அறிந்திருந்தார், ஆனால் அடக்க முடியவில்லை’ என்னும் வாதத்திற்கு இப்பிரிவில் இடமில்லை. சட்டம் ஏற்காத ஒரு கோட்பாட்டைத் தமிழ்ச் சொல் தன்னுள் சுமந்து நிற்கிறது எனலாம்.

இரண்டாவது சிக்கல் இலக்கணம் சார்ந்தது. ‘இல்லாத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்றால் குற்றச் செயலின்போதா, விசாரணையின்போதா, தண்டனை நிறைவேறவிருக்கும்போதா என்பது விளங்காது. சட்டத்திலோ இம்மூன்றும் வெவ்வேறு வினாக்கள். முதலாவது குற்றப் பொறுப்பையும், இரண்டாவது வழக்காடும் தகுதியையும், மூன்றாவது தண்டனையின் நியாயத்தையும் பற்றியது. சாட்சியத்தை மொழிபெயர்ப்பவர் காலத்தைத் தனிச் சொல்லால் வெளிப்படுத்தாவிடில் மேல்முறையீட்டின் அடிப்படையே மயங்கிவிடும்.

4. மேல்முறையீட்டில் நிகழ்ந்த மாற்றங்கள்

1964இல் குஜராத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், சித்த சுவாதீனமின்மையை முழுமையாக மெய்ப்பிக்க இயலாவிடினும், குற்ற எண்ணம் பற்றி நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சேரும் எனத் தெளிவுபடுத்தியது. அங்கு வினா செயலின் வேளையைப் பற்றியது.

2014இல் சத்ருகன் சௌகான் வழக்கில் 15 பேரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தபோது, தண்டனைக்குப் பின் தோன்றும் மனநோயும் குறைப்பிற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 2019இல் மராட்டிய மாநில வழக்கொன்றில் இக்கருத்து மேலும் வளர்ந்தது. இரு சிறுமியரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிக் கொன்றமைக்காக மரண தண்டனை பெற்றவரின் மறுஆய்வு மனு அது. நீதிமன்றமே அவர் பெயரை மறைத்தது. தண்டனையின் இயல்பையும் நோக்கத்தையும் புரிந்துகொள்ள இயலாத அளவுக்கு மனநோய் கடுமையானதாக இருக்க வேண்டும் என்னும் அளவுகோலை வகுத்து, மரண தண்டனையை வாழ்நாள் முழுவதற்குமான சிறைவாசமாக மாற்றியது. குற்றத் தீர்ப்பு மாறவில்லை. தண்டனை மட்டுமே மாறியது. ‘விடுவிக்கப்பட்டார்’ என்பதும் ‘தண்டனை குறைக்கப்பட்டது’ என்பதும் வேறானவை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

5. பல குற்றங்களும் ‘ஏககாலத்தில்’ என்னும் சொல்லும்

ஒரே விசாரணையில் பல குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டபோது, 2024 ஜூன் வரை நடைமுறையிலிருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் வேறுவகையாகக் கட்டளையிட்டாலன்றிச் சிறைத் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெற்றன. ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்னும் தொடர் மொழிபெயர்ப்பில் விடுபட்டால் தண்டனைக் காலம் பல ஆண்டுகள் நீண்டதாகப் பொருள்படும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற மேல்முறையீட்டில் 2016இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பல ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. மனிதருக்கு ஆயுள் ஒன்றே என்பது அதன் அடிப்படை. எனினும் ஒரு தண்டனையில் கிடைக்கும் குறைப்பு மற்றொன்றுக்குத் தானாகச் சேராது. ஆதலின் ‘இரட்டை ஆயுள் தண்டனை’ என்பது கால அளவில் இரட்டிப்பைக் குறிப்பதன்று.

6. முடிவுரை

2023 ஆகஸ்டில் முன்வைக்கப்பட்ட புதிய தண்டனைச் சட்ட முன்வடிவு பழைய தொடரை நீக்கி ‘மனநோய்’ என்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இச்சொல்லின் வரையறை மது, போதைப் பொருள் சார்ந்த நிலைகளையும் தழுவியது. பொருள் மிக விரிவதைக் கண்ட நாடாளுமன்ற நிலைக்குழு பழைய தொடரையே பரிந்துரைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவில் அத்தொடரே நிலைபெற்றுள்ளது.

எனவே ‘மனநோய்’ என்னும் மருத்துவச் சொல்லையும் ‘சித்த சுவாதீனமின்மை’ என்னும் சட்டச் சொல்லையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குதல் பொருந்தாது. சாட்சி ‘பைத்தியம்’ என்றால் அதை அப்படியே பதிவுசெய்தலும், காலத்தைத் தெளிவாகச் சுட்டுதலும், ‘செயல்’, ‘குற்றம்’ ஆகியவற்றை வேறுபடுத்துதலும் மொழிபெயர்ப்பாளரின் கடமைகளாகும். சொல்லைச் சட்டப் பொருளுக்கு ஏற்றுவது நீதிமன்றத்தின் பணி. அதற்கு முன்பே மொழிபெயர்ப்பு அதைச் செய்துவிடின், மேல்முறையீட்டில் வாதிடப்பட வேண்டிய வினா வாதிடப்படாமலேயே முடிந்துபோகும்.