வாசலுக்கு வந்த வைத்தியம்

நெஞ்சு வலி வந்த பிறகு ஓடுவதுதான் நம்ம வழக்கம். பேத்துப்பாறையில் இருந்து பெருமாள்மலை ஏறி கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே நேரமாகும். இருட்டிவிட்டால் யானை பயம் வேறு. அதனால் நம்ம ஊருக்கு, வரும் முன் காப்பதுதான் பெரிய வைத்தியம். இந்த வேலையைத் தமிழ்நாட்டில் தொண்டு நிறுவனங்கள் எப்படித் தொடங்கின, அது குழுப் பெண்கள் கைக்கு எப்படி வந்தது என்பதை நாம் தெரிஞ்சுக்கணும்.

1958-ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, சென்னை அடையாறில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற தொண்டு மருத்துவமனையை ஆரம்பித்தார். குடும்பம் தன் வருமானத்துக்கு ஏற்ப வருஷச் சந்தா கட்டணும், நல்லா இருக்கும்போதே உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளணும் என்பது அவர் திட்டம். சந்தாவின் அருமை நமக்குச் சொல்லியா தெரியணும்! பின்னாளில் கிராமங்களில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்று சிறு சுகாதார நிலையங்களையும் அந்த நிறுவனம் நடத்தியது.

1990-களில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு வெளியே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் இறங்கியது. பிளஸ் டூ வரை படித்த உள்ளூர்ப் பெண் பிள்ளைகளுக்கு பிரஷர் பார்க்கவும், சிறுநீரில் சர்க்கரை, புரதம் பார்க்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கோளாறு தெரிந்தவர்களை டாக்டர் பார்த்து, விலை குறைந்த மாத்திரையே கொடுத்தார். ஆளுக்கு வருஷச் செலவு 15 ரூபாய்க்குள்தான். நோக்கம் கிட்னியைக் காப்பது. ஆனால் கிட்னியைக் கெடுக்கும் அதே பிரஷரும் சுகரும்தான் இதய ரத்தக் குழாயையும் கெடுக்கின்றன. ஒன்றைக் கட்டுப்படுத்தினால் இரண்டும் பிழைக்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை தரும் அந்தத் தன்னார்வலர்கள் யார்? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்தாலும், அதை விழுங்க வேண்டியது நாம்தான். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறோம். பிரஷர் வலிக்காது, சத்தமில்லாமல் ஏறும். 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டணும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கணும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதையும் சேர்த்து. வீட்டில் பீடி, சிகரெட், புகையிலை இருந்தால் விடச் சொல்லணும். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாக மட்டும் வராது. மூச்சு வாங்கல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். காப்பித் தோட்டத்து அலுப்பு என்று படுத்துவிடாமல் உடனே 108-ஐ அழைக்கணும்.

குழுக் கூட்டத்தில் சேமிப்பை எழுதுகிற மாதிரி, ஒவ்வொருவர் பிரஷர் அளவையும் அவரவர் நோட்டில் மாதாமாதம் குறித்து வைப்போம். கடன் தவணை தவறினால் கேட்கிற நாம், மாத்திரை தவறினாலும் கேட்போம், அக்கா தங்கச்சிகளே.